கைப்பேசி கெடவில்லை, செயலிதான் திறக்கவில்லை

தோ பாயோவில் வசிக்கும் என் பாட்டியின் திறன்பேசிக்கு ஒன்பது வயது. திரையில் கீறல் இல்லை. பேட்டரியும் ஒரு நாள் தாங்கும். ஆனால், சென்ற மாதம் வங்கிச் செயலி திடீரெனத் திறக்க மறுத்தது. புதுப்பிக்கச் சொன்னது. புதுப்பிக்கப் போனால், இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாது என்று வந்தது.

“ஃபோன் கெட்டுப்போச்சா, இல்ல நான் ஏதாவது தப்பா அமுக்கிட்டேனா ஐயா?” என்று கேட்டார் பாட்டி.

பாட்டி மீது தவறில்லை. கைப்பேசியும் கெடவில்லை. ஒரு செயலிக்குக் குறைந்தது எந்த இயங்குதளப் பதிப்பு தேவை என்பதை அதை உருவாக்குவோரே தீர்மானிக்கிறார்கள். பழைய பதிப்புகளையும் ஆதரித்தால், ஒவ்வொன்றிலும் தனித்தனியே சோதிக்க வேண்டும். பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படாத பதிப்பில் வங்கிச் செயலியை இயங்கவிடுவதும் ஆபத்து.

இதில் தளத்துக்குத் தளம் வேறுபாடு உண்டு. வாட்ஸ்அப் 2025 மே மாதம் முதல் ஐஃபோன்களில் ஐஓஎஸ் 15.1 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பைக் கேட்கிறது. ஐஓஎஸ் 12உடன் நின்றுவிட்ட ஐஃபோன் 5எஸ், ஐஃபோன் 6 ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை. அப்போது ஆண்ட்ராய்டில், 2014இல் வந்த 5.0 பதிப்பே போதுமானதாக இருந்தது. இயங்குதளத்தை மாற்றாமலேயே சில புதிய வசதிகளைப் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்குக் கொண்டுசெல்லும் நிரல் தொகுப்புகள் உள்ளன. ஆனால், இயங்குதளப் புதுப்பிப்பைத் தயாரிப்பாளரே தம் மாடலுக்கு ஏற்பத் தரவேண்டும். பலர் சில ஆண்டுகளில் நிறுத்திவிடுகிறார்கள்.

அவசரத்தில் நான் அந்தச் செயலியின் பழைய பதிப்பை இணையத்தில் தேடினேன். ஒரு தளத்தில் கிடைத்தது. பதிவிறக்கப் போன நேரத்தில்தான், 2023இல் இப்படி வெளியிலிருந்து இறக்கிய போலி ஆண்ட்ராய்டு செயலிகளால் சிங்கப்பூரில் பலர் வங்கிச் சேமிப்பை இழந்தது நினைவுக்கு வந்தது. பாட்டியின் சேமிப்பு முழுவதும் அந்தக் கணக்கில்தான் உள்ளது. கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டேன்.

வீட்டுப் பெரியவர்களுக்குத் திறன்பேசி வாங்கும்போது, கேமராவைப் பற்றிக் கேட்பதற்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை வரும்? பிக்சல் 8, கேலக்சி எஸ்24 ஆகியவற்றுக்கு 7 ஆண்டுகள் என அவற்றின் நிறுவனங்கள் அறிவித்துள்ளன. எல்லா மாடல்களுக்கும் அவ்வளவு கிடைப்பதில்லை. அந்தக் கணக்கு மாடல் வெளியான நாளிலிருந்து தொடங்குகிறது. நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல. தள்ளுபடியில் வரும் பழைய மாடலுக்குப் பாதிக் காலம் ஏற்கெனவே ஓடியிருக்கலாம்.

பாட்டிக்குப் புதுத் திறன்பேசி வாங்கியாயிற்று. பழையதை மின்கழிவுத் தொட்டியில் போட அவருக்கு மனமில்லை. சிம் அட்டையையும் கணக்குகளையும் எடுத்துவிட்டோம். அதில் சேமித்துவைத்த பாடல்கள் இன்னும் சமையலறையில் ஒலிக்கின்றன. அந்த வேலைக்கு எந்தப் புதுப்பிப்பும் தேவையில்லை.