பொட்டிப்புரத்து ரகசியம்

1947-ல் அமெரிக்காவில் ரோஸ்வெல் அருகே விழுந்த பொருளைப் பறக்கும் தட்டு என்றார்கள். வானிலை பலூன் என்று கூறி மூடிய அந்நாட்டு ராணுவம், ரஷ்ய அணுச் சோதனைகளை ஒட்டுக் கேட்கும் ரகசிய பலூன் அதுவென 1994-ல்தான் ஒப்புக்கொண்டது. வதந்தியை வளர்த்தவர் யார்?

நம் தேனி ஜில்லாவிலும் இதற்கொப்பான காரியம் நடந்தது. போடி மேற்கு மலையைச் சுமார் 2 கிலோமீட்டர் குடைந்து, 50,000 டன் இரும்புக் காந்தக் கருவியால், வாயுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை ஆராய மத்திய மந்திரி சபை 2015-ல் சம்மதித்தது. அணுக்கழிவைப் புதைக்கவே சுரங்கம் என்று பேச்சு எழுந்தது. அதற்கு ஆதாரமில்லை என்பதே நம் அபிப்பிராயம். ஆயினும், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி வாழும் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயி, மலையில் வெடி வைத்தால் அணை என்னாகும் என்று கேட்டால், அவனை அறிவிலி என்பது அடாது.

சுற்றுச்சூழல் அறிக்கை தயாரித்த ஸ்தாபனம் அதற்கு அங்கீகாரம் பெறாதது. மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்காவோ 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. பசுமைத் தீர்ப்பாயம் 2017-ல் அனுமதியை நிறுத்தி வைத்தது. மறு வருஷமே மத்திய சர்க்கார் 'விசேஷ' இனமென்று மீண்டும் அனுமதி அளித்தது. என்ன விசேஷமோ! 2022-ல் தமிழக சர்க்கார், இதற்கு இடமளிக்க முடியாதென்று சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தது.

மலையைக் குடையும் திட்டம் எதுவாயினும், அதன் அறிக்கை முழுவதும் தமிழில், முதலில் கிராம சபை முன் வைக்கப்பட வேண்டுமென்று நாம் கோருகிறோம்.