நரம்பு வலியும் மருந்தின் தொல்லையும்

பெங்களூர் சிவாஜிநகரின் கடைத்தெருவில் தமிழ் தாராளமாகப் புழங்குகிறது. ஆனால், அங்குள்ள பௌரிங் ஆஸ்பத்திரியில் நம்மைப் பார்க்கும் டாக்டர் தமிழறியாதவராயின், பாதம் ‘காந்துகிறது’ என்பது அவருக்கு விளங்காது. ‘வலி’ என்று மட்டும் சொன்னால் சாதாரண வலி மாத்திரையே கிடைக்கலாம். நரம்பு வலிக்கு அது பெரும்பாலும் பயன்படுவதில்லை. எரிச்சலுக்குக் கன்னடத்தில் ‘உரி’, மரத்துப்போதலுக்கு ‘ஜோமு’. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, ‘உரி’ நம் ‘எரி’யைப் போல் ஒலிப்பதில் ஒரு மகிழ்ச்சி.

நீரிழிவால் பாதம் எரிவோருக்குத் தரப்படும் மருந்துகள் சில, வேறு நோய்களுக்கென வந்தவை. அமிட்ரிப்டிலின் 1961இல் மனச்சோர்வுக்கு வந்தது. காபபென்டின் 1993இல் அமெரிக்காவில் வலிப்பு நோய்க்கு அனுமதி பெற்றது. ‘நமக்கேன் மனநோய் மருந்து?’ என்று அஞ்ச வேண்டியதில்லை. ஓயாது வலியை உணர்த்தும் நரம்பை அவை அமைதிப்படுத்துகின்றன.

சங்கடம் யாதெனில், தலைசுற்றலும் தூக்கமும் முதல் நாட்களிலேயே வரும். குணம் தெரியச் சில வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில்தான் நம்மில் பலர் மாத்திரையைக் கைவிடுகிறோம். இதனாலேயே டாக்டர்கள் சிறு அளவில், பெரும்பாலும் இரவில், தொடங்குகின்றனர். நா வறண்டால் அடிக்கடி சிறிது நீர் பருகலாம். படுக்கையினின்று சட்டென எழலாகாது. தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டலாகாது. மது கூடவே கூடாது. சிறுநீர் தடைப்பட்டாலோ, மனக்குழப்பமோ கால் வீக்கமோ கண்டாலோ உடனே டாக்டரிடம் கூறவேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளோர் அதனை முன்னரே தெரிவிக்க வேண்டும். மருந்தின் அளவு அதைப் பொறுத்தது.

தாமாகத் திடீரென நிறுத்துவதும் தீங்கு. டாக்டர் சொற்படி படிப்படியாகவே குறைக்கவேண்டும். பொங்கலுக்கு ஊர் செல்வோர், திரும்பும் நாள்வரைக்குமான மாத்திரையையும் மருந்துச் சீட்டையும் கைப்பையில் எடுத்துச் செல்வார்களாக.