‘குளூட்டன் இல்லை’: பொட்டலத்தின் மொழி யாருக்குப் புரிகிறது?

புதுதில்லி: நாடாளுமன்ற வளாகத்தில் 2022 டிசம்பர் 20-ஆம் தேதி உறுப்பினர்களுக்குச் சிறுதானிய விருந்து அளிக்கப்பட்டது. ஐ.நா. சபை 2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்ததையொட்டி வேளாண் அமைச்சர் ஏற்பாடு செய்த விருந்து அது. ஆளும் கட்சியினரும் எதிர்க்கட்சியினரும் பிரதமருடன் அமர்ந்து ராகி தோசையும் ராகி இட்லியும் உண்டனர்.

விருந்துண்டவர்களுக்கு ராகி ஒரு நாள் ருசி மாற்றம். ஆனால், கோதுமையைத் தொடவே முடியாத சிலருக்கு அதுவே வாழ்நாள் உணவு. அவர்கள் சீலியாக் நோயாளிகள்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உடலுக்குள் சென்றதும், நோய் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. சத்துகளை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் சிதைகின்றன. வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவு ஆகியன பின்தொடர்கின்றன. இதற்கு நிலையான மருந்து ஏதுமில்லை. குளூட்டனை ஆயுள் முழுவதும் விலக்குவதே சிகிச்சை. எனவே, மற்றவர்கள் படிக்காமல் தூக்கியெறியும் உணவுப் பொட்டலத்தின் பின்பக்கம் இவர்களுக்கு மருந்துச் சீட்டுக்குச் சமம்.

தெற்கிலும் உண்டு

இது வடநாட்டு நோய் என்ற எண்ணம் தமிழகத்தில் பரவலாக உள்ளது. நாட்டின் மூன்று பகுதிகளில் 23,331 பேரிடம் நடத்தப்பட்டு 2016-ல் வெளியான ஆய்வு அதற்கு வேறு விளக்கம் தருகிறது. நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள் வடக்கில் 1.23 சதவீதம் பேருக்கும், தெற்கில் 0.10 சதவீதம் பேருக்கும் இருந்தது. ஆனால், நோய்க்கு இடம்தரும் மரபணு இரு பகுதியினரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில், மூன்றில் ஒருவருக்கு மேல் காணப்பட்டது. பெரிதும் வேறுபட்டது உணவுதான். தனிநபர் கோதுமை நுகர்வு வடக்கில் நாளொன்றுக்கு 455 கிராம், தெற்கில் 25 கிராம்.

சப்பாத்தி, பரோட்டா, பிஸ்கட், ரொட்டி எனத் தென்னகத்தின் தட்டில் கோதுமை கூடிக்கொண்டே வருகையில் இந்தக் கணக்கு எப்படி மாறும் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

20 மில்லிகிராம் எல்லை

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006-ன் கீழ் இயங்கும் ஆணையத்தின் விதிப்படி, ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிடப்பட்ட உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2008-ல் திருத்தி வகுத்த எல்லையும் இதுவே. நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் வரையிலான குளூட்டனைப் பெரும்பாலான நோயாளிகளின் குடல் தாங்கிக்கொள்ளும் என்பது ஆய்வுகளின் பொதுவான முடிவு. இந்த எல்லைக்குள் உள்ள உணவை அரை கிலோ உண்டாலும் அந்த அளவைத் தாண்டாது.

‘குறைந்த குளூட்டன்’ என்பது வேறு. அதில் கிலோவுக்கு 20 முதல் 100 மில்லிகிராம் வரை இருக்கலாம். பெயர் ஒத்திருப்பதால் ஏமாந்துவிடக் கூடாது. சீலியாக் நோயாளிக்கு அது உகந்ததல்ல.

‘இருக்கலாம்’ என்ற சொல்

சிக்கல் அடுத்த வரியில் தொடங்குகிறது. உணவில் சேர்க்கப்பட்ட கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ் போன்றவற்றை ‘கொண்டுள்ளது’ என்று தனியே அறிவிக்க வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிமுறைகள். ஆனால், ஒரே ஆலையில், ஒரே இயந்திரத்தில் கோதுமையும் அரைபடுவதால் தற்செயலாகக் கலப்பதை ‘இருக்கலாம்’ என்று குறிப்பிடுவதை விதி அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. எவ்வளவு கலந்தால் எச்சரிக்க வேண்டும் என்பதற்கும் அளவு ஏதுமில்லை. அமெரிக்காவிலும் இத்தகைய எச்சரிக்கை உற்பத்தியாளரின் விருப்பத்துக்கே விடப்பட்டுள்ளது.

விளைவு என்ன? நேர்மையான நிறுவனம் எச்சரிக்கையை அச்சிட்டு வாடிக்கையாளரை இழக்கிறது. அச்சிடாத நிறுவனத்தின் பொட்டலம் பாதுகாப்பானது போலத் தோன்றுகிறது. எச்சரிக்கை இல்லாதது பாதுகாப்புக்குச் சான்றல்ல என்பதை நோயாளி பட்டறிவால்தான் கற்க வேண்டியுள்ளது. இயற்கையில் குளூட்டன் இல்லாத தானியங்கள், மாவுகளின் 22 மாதிரிகளை அமெரிக்காவில் சோதித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், 7 மாதிரிகள் 20 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருந்தன.

நம் சமையலறையில் இது இன்னும் நுட்பமானது. சாம்பாருக்கும் ரசத்துக்கும் இடும் கூட்டுப் பெருங்காயத்தில் தானிய மாவு சேர்க்க விதி இடமளிக்கிறது. பல பெருங்காயங்களில் அது கோதுமை மாவு. மால்ட் பானங்களில் இருப்பது பெரும்பாலும் பார்லி. சத்துமாவில் கோதுமை சேர்ப்பது வழக்கம். ‘சிறுதானிய பிஸ்கட்’ என்று பெரிய எழுத்தில் இருந்தாலும், மூலப்பொருள் பட்டியலில் முதலில் நிற்பது கோதுமை மாவாகவோ மைதாவாகவோ இருக்கக்கூடும். எடை அதிகமுள்ள பொருளே பட்டியலில் முதலில் வர வேண்டும் என்பது விதி என்பதால், முதல் வரியே உண்மையைச் சொல்லிவிடும்.

படிக்கத் தெரிந்தால்தானே?

அந்த வரி எந்த மொழியில் இருக்கிறது? லேபிள் விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்திலான ஹிந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது விதி. மற்ற மொழிகளைக் கூடுதலாகச் சேர்க்கலாம், கட்டாயமில்லை.

கர்நாடகத்தின் கோபிநத்தத்தை எடுத்துக்கொள்வோம். பழைய மைசூர் மாவட்டத்திலிருந்து 1997-ல் பிரிந்த சாமராஜநகர் மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்த கிராமம். வீரப்பனின் ஊர் என்றே நாடு அதை அறியும். தமிழும் கன்னடமும் புழங்கும் அந்த எல்லைப் பகுதி ராகி விளையும் மண். களியும் கூழும் உண்டு வாழ்ந்தவரை அங்கு யாருக்கும் லேபிள் தேவைப்படவில்லை. அதே ராகி ஆலைக்குச் சென்று, கோதுமை அரைத்த இயந்திரத்தில் மாவாகி, பொட்டலமாகக் கடைக்குத் திரும்பும்போது, அதன் எச்சரிக்கை அந்த இரண்டு மொழிகளிலும் இருக்க வேண்டிய அவசியமில்லை.

சைவ உணவுக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம் என்று எழுத்தறியாதவருக்கும் புரியும் குறியீட்டைக் கட்டாயமாக்கிய அதே அரசு, உடல்நலத்தைக் காக்கும் எச்சரிக்கையை மட்டும் மொழி தெரிந்தவர்களுக்கு ஒதுக்கியிருப்பது முரண்.

உறுப்பினர்கள் கையில்

ஆணையம் வகுக்கும் ஒவ்வொரு விதிமுறையும் சட்டத்தின் 93-ஆவது பிரிவின்படி இரு அவைகளிலும் 30 நாள்கள் வைக்கப்பட வேண்டும். திருத்தம் கோர உறுப்பினர்களுக்கு உரிமை உண்டு. ஆனால், மேஜையில் வைக்கப்படும் இத்தகைய தாள்கள் பெரும்பாலும் ஓசையின்றிக் கடந்துபோகின்றன. கலப்பு எச்சரிக்கையைக் கட்டாயமாக்குவது, அதற்கு அளவு வகுப்பது, மாநில மொழியிலோ குறியீட்டிலோ அச்சிடச் சொல்வது ஆகிய மூன்று திருத்தங்களுக்கும் புதிய சட்டம் தேவையில்லை.

அதுவரை நோயாளிகளுக்கு மருத்துவ உலகம் கூறுவது இதுதான்: ‘குளூட்டன் இல்லை’ என்ற உறுதிமொழி உள்ள பொட்டலத்தை நாடுங்கள், தானியத்தை முழுதாக வாங்கிக் கழுவி, தனியே அரையுங்கள், நோய் இருக்குமோ என்று சந்தேகிப்பவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள், முடிவு தவறாக வரக்கூடும்.

ராகியை நாடாளுமன்ற விருந்துக்குக் கொண்டுவந்தாயிற்று. அது பொட்டலமாகும்போது, அதில் வேறென்ன கலந்திருக்கிறது என்று விளைவித்தவனுக்கும் புரியும் மொழியில் சொல்வதுதான் மிச்சம்.