பிறந்த திகதியும் கல்லூரிக் கட்டணமும்

கற்பதற்கு வயது தடையன்று என்பர் பெரியோர். ஆயினும், கற்பதற்காகும் செலவைப் பொதுப் பணத்திலிருந்து வழங்கும் அரசு, வயதைக் கேட்டறிந்த பின்னரே வழங்குகின்றது. இதற்கு இங்கிலாந்து தக்க எடுத்துக்காட்டாகும். அங்கே பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் மேற்கல்விக் கல்லூரிகள் உள்ளன. தச்சு, மின்வேலை, கணக்குப்பதிவு, குழந்தை பராமரிப்பு முதலிய தொழிற்பாடங்களும், இலங்கையின் உயர்தர வகுப்புக்கு நிகரான பாடங்களும் அவற்றில் போதிக்கப்படுகின்றன. அவற்றுட் சேர விரும்பும் ஒருவர் கட்டணம் செலுத்தவேண்டுமா என்பதைப் பெரும்பாலும் அவருடைய பிறந்த திகதியே தீர்மானிக்கின்றது.

முதலாவது படியில் நிற்போர் 16 முதல் 18 வயது வரையுள்ள இளைஞர். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கல்வியிலோ பயிற்சியிலோ இருக்கவேண்டிய வயது 2013இல் 17 ஆகவும், 2015இல் 18 ஆகவும் உயர்த்தப்பட்டது. கற்கவேண்டுமெனக் கட்டளையிடும் அரசு, அதற்கான செலவையும் தானே ஏற்றல் முறையன்றோ? ஆகவே இவ்வயதினர்க்குக் கட்டணம் இல்லை.

இவ்வயதைக் கணிக்கும் நாள் ஓகஸ்ட் 31. அந்நாளில் 19 வயது நிறையாதவர், அக்கல்வியாண்டில் இளைஞராகவே கொள்ளப்படுவர். ஓகஸ்ட் 31இல் பிறந்த ஒருவன் அன்றே 19 வயதை அடைந்து வளர்ந்தோர் வரிசைக்குச் சென்றுவிடுகிறான். மறுநாள், அதாவது செப்டெம்பர் 1இல் பிறந்தவனோ, மேலும் ஓராண்டு இளைஞனாகக் கணிக்கப்படுகிறான். ஒருநாள் வேறுபாடு ஓராண்டு வேறுபாடாக மாறுவதை இங்கே காணலாம்.

இரண்டாவது படி 19 முதல் 23 வரை. இவர்களுக்கு இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை ஆகிய தகுதிகளை முதன்முறையாக இலவசமாகப் பெறும் உரிமையைச் சட்டம் அளிக்கின்றது. இரண்டாம் நிலை சாதாரண தரச் சித்திக்கும், மூன்றாம் நிலை உயர்தரச் சித்திக்கும் ஏறக்குறைய நிகரானவை. ‘முதன்முறையாக’ என்ற சொல் முக்கியமானது. அத்தகுதியை முன்னரே பெற்றவர்க்கு அவ்வுரிமை இல்லை.

மூன்றாவது படி 24இல் தொடங்குகின்றது. இங்கே வயது கணிக்கப்படுவது ஓகஸ்ட் 31இலன்று. பாடநெறி ஆரம்பிக்கும் நாளிலாகும். பல்கலைக்கழகம் புகுவதற்கு ஆயத்தஞ் செய்யும் மூன்றாம் நிலை வகுப்பில் இரு பெண்கள் சேர்கின்றனர் எனக் கொள்வோம். இருவரிடமும் முன்னைத் தகுதி எதுவும் இல்லை. 23 வயதுடையவள் கட்டணமின்றிப் பயில்வாள். 24 வயதுடையவள் பெரும்பாலும் அரசின் கடனைப் பெற்றே பயிலவேண்டும். வருமானம் ஒரு குறித்த அளவைக் கடந்த பின்னரே அக்கடன் திரும்பச் செலுத்தப்படும். அவள் பின்னர் உயர்கல்வியையும் நிறைவு செய்வாளாயின், எஞ்சிய கடன் தள்ளுபடியாகும்.

இக்கடுமையைத் தணிக்கும் விலக்குகளும் உள. 2021ஆம் ஆண்டு ஏப்ரலில், மூன்றாம் நிலைத் தகுதி இல்லாத எவ்வயதினரும், பட்டியலில் இடம்பெற்ற தொழிற்பாடங்களை இலவசமாகப் பயிலும் வாய்ப்பு ஏற்படுத்தப்பட்டது. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் அடிப்படைச் சித்தி பெறாத வளர்ந்தோர்க்கு அவ்விரு பாடங்களும் இலவசம். விசேட கல்வித் தேவையுடையோர்க்கான திட்டமோ 25 வயது வரையும் நீடிக்கலாம்.

வயதெல்லை ஏன் வகுக்கப்பட்டது? பொதுப் பணம் அளவுடையது. இளமையிற் கற்றவர் நெடுங்காலம் உழைத்து நாட்டுக்குப் பயன்தருவர் என்பதும், வளர்ந்தவர்க்கு ஊதியம் இருக்கும் என்பதும் அரசின் எண்ணம். ஆனால், குடும்பச் சுமையால் பள்ளியை இடையில் விட்டவர்க்கும், குழந்தைகளை வளர்த்தபின் புத்தகத்தைக் கையிலெடுக்கும் தாய்க்கும் இவ்வெண்ணம் பொருந்துவதில்லை. வாய்ப்பு மிகவும் தேவைப்படும் வேளையிலேயே அவர்கள் கட்டணத்தை எதிர்கொள்கின்றனர்.

இங்கிலாந்தில் குடியேறிய உறவினரைக் கொண்ட இலங்கையர் பலர். புதிதாகச் சென்றோர்க்கு வயதுடன் வதிவிட விதியும் உண்டு. வளர்ந்தோர் பொதுவாக மூன்றாண்டு அங்கே வசித்திருத்தல் வேண்டும். அகதி அந்தஸ்துப் பெற்றோர்க்கு அம்மூன்றாண்டு விதி இல்லை. 23 வயதில் நிற்பவர் ஒருவர், ‘அடுத்த ஆண்டு பார்ப்போம்’ எனத் தாமதித்தல் தகாது. பாடநெறியைப் பிறந்தநாளுக்கு முன் ஆரம்பித்துவிட்டால், இடையில் 24 வயது நிறைந்தாலும் அவர் பெற்ற சலுகை பறிபோகாது.