டம்ளரைத் தூக்க முடிகிறதா?

முடக்குவாதம் வந்து எனக்கு ஒன்பது வருடமாகிறது. ரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். குறைந்திருந்தால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அதே நாள் காலையில் குழாயைத் திருக என் விரல் மடங்கியிருக்காது. அந்தப் பரிசோதனைச் சீட்டில் அது எங்கே இருக்கிறது?

இந்தச் சிரமத்தை எண்ணாக்கத்தான் 1980இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஜேம்ஸ் ஃப்ரைஸ் குழுவினர் 20 கேள்விகளோடு ஒரு படிவம் வெளியிட்டார்கள். ஒரு வேலையைச் சிரமமில்லாமல் செய்தால் 0, கொஞ்சம் சிரமமென்றால் 1, மிகுந்த சிரமத்துக்கு 2, முடியவே இல்லையென்றால் 3. நல்ல யோசனைதான். ஆனால் அதில் தொட்டிக் குளியலும் வாக்குவம் கிளீனரும் வருகின்றன. இங்கே மன்னார்புரத்தில் நான் குளிப்பது வாளித் தண்ணீரில்.

2002இல் அசோக் குமார், மாளவியா முதலிய இந்திய மருத்துவர்கள் அந்தப் படிவத்தை 12 கேள்விகளாக மாற்றி, நோயாளிகளிடம் சோதித்து வெளியிட்டார்கள். தரையில் சம்மணமிட முடிகிறதா? ஆட்டோவில் ஏறி இறங்க? காய்கறி மார்க்கெட் போய்வர? மூன்று கிலோமீட்டர் நடக்க? படித்தபோது, யாரோ என் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டுக் கேட்பதுபோல் இருந்தது.

இப்போது மாதம் ஒருமுறை இந்தக் கேள்விகளுக்கு நானே காலண்டர் பின்பக்கத்தில் எண் போடுகிறேன். போன மாதம் ஆட்டோவுக்கு 2. டாக்டர் அதைப் பார்த்துத்தான் என் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். இந்த மாதம் 1. காந்தி மார்க்கெட்டுக்கு நானே போய் முருங்கைக்காய் வாங்கி வந்தேன். சம்மணத்துக்கு மட்டும் இன்னும் 3.