பாய்மரப் படகின் நடுப்பலகைக் கூடு

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள இடைவெளியே பாலக்காட்டுக் கணவாய் ஆகும். தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே கிழக்கு நோக்கி வேகமாக வீசுவதைச் சித்தூர்ப் பகுதியில் வாழும் நாம் அறிவோம். அக்காற்றைப் பயன்படுத்தி மின்சாரம் எடுக்கக் கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிறுவப்பட்டுள்ளன. பாய்மரப் படகும் காற்றின் ஆற்றலாலேயே இயங்குகின்றது. ஆனால், காற்று பக்கவாட்டில் வீசும்போது படகும் பக்கவாட்டில் ஒதுக்கப்படும். அதனைத் தடுத்து, படகை முன்னே செல்லச் செய்வது நடுப்பலகை.

உங்கள் உள்ளங்கையை ஒரு வாளி நீரில் விளிம்பாகச் செலுத்துங்கள், எளிதில் நகரும். உள்ளங்கையின் முழுப் பரப்பால் நீரைத் தள்ளுங்கள், நீர் தடுக்கும். நடுப்பலகையும் இவ்வாறே முன்னே செல்கையில் நீரைக் கிழிக்கின்றது. பக்கவாட்டு நகர்வை எதிர்க்கின்றது. ஆழம் குறைந்த இடங்களில் அதனை மேலே தூக்கிக்கொள்ளலாம்.

இப்பலகை இறங்குவதற்காகப் படகின் அடியில் நீண்ட பிளவு ஒன்று உள்ளது. அடியில் திறப்பு இருந்தும் படகு மூழ்காதது ஏன்? பிளவைச் சுற்றிச் சுவர்கள் எழுப்பப்பட்டுள்ளன. அவற்றின் மேல்விளிம்பு வெளிநீர் மட்டத்தைவிட உயரமானது. ஆகவே, உள்ளே புகும் நீர் வெளிநீர் மட்டம் வரை ஏறி நின்றுவிடும். இவ்வமைப்பே நடுப்பலகைக் கூடு. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆவார். 2021இல் டோக்கியோவில் அவர் செலுத்திய லேசர் ரேடியல் படகிலும் பலகையைச் செருகும் கூடு உண்டு.

பழைய கண்ணாடியிழைப் படகுகளில் இக்கூடும் அடித்தளமும் சேரும் மூலையே முதலில் பழுதடைவது வழக்கம். பலகையின் மீது நீர் செலுத்தும் விசை அம்மூலையில் தங்குகின்றது. பலகை தரையில் மோதினாலும் அங்கே கீறல் விழும்.

கீறலின்மேல் பசையைப் பூசிவிட்டால் போதுமா? போதாது. ஈரம் ஊறிய இடத்தில் பசை பிடிக்காது. மூலை அசையும்போது மீண்டும் பிளக்கும். ஆகவே, பழுதுபார்ப்போர் பின்வரும் முறையைக் கையாளுகின்றனர்.

1. படகைக் கரையில் தாங்கிகளின்மேல் நிறுத்தி, அடிப்பிளவை அடைத்துக் கூட்டில் நீர் நிரப்புவர். நீர் கசியும் இடங்களைக் குறித்துக்கொள்வர்.
2. நீரை வடித்து, உப்புப் போக நன்னீரால் கழுவி, நன்கு உலர விடுவர்.
3. தளர்ந்த பகுதியை உறுதியான அடுக்கு தென்படும் வரை தேய்த்து நீக்குவர். ஓரத்தை, கனத்தைப்போல் 12 மடங்கு அகலத்திற்குச் சரிவாக்குவர். கனம் 4 மில்லிமீட்டர் எனில் சரிவு 48 மில்லிமீட்டர்.
4. கெட்டியாக்கிய எப்பாக்சிப் பிசினால் மூலையை வளைவாக நிரப்புவர். கூர்மூலையில் துணி படியாது.
5. எப்பாக்சியில் நனைத்த கண்ணாடியிழைத் துணியை அடுக்கடுக்காக ஒட்டுவர். காற்றுக்குமிழிகளை உருளையால் வெளியேற்றுவர்.
6. பிசின் இறுகியபின் வண்ணம் பூசுவர். வெயில் எப்பாக்சியைச் சிதைக்கும் என்பதால் இது தேவையாகின்றது.

கண்ணாடியிழைத் தூசி நுரையீரலுக்கும் தோலுக்கும் தீங்கு தரும். முகக்கவசம், கையுறை, கண்ணாடி அணிந்த பெரியோரே இப்பணியைச் செய்ய வேண்டும்.

இறுதியில் கூட்டில் மீண்டும் நீர் நிரப்பி ஓர் இரவு விடுவர். காலையில் கூட்டின் வெளிப்புறம் உலர்ந்திருந்தால் படகு நீரில் இறங்கலாம்.

சொற்பொருள்
கணவாய் – மலைகளுக்கிடையே உள்ள வழி
விசை – தள்ளுதல் அல்லது இழுத்தல்
கசிதல் – சிறிது சிறிதாக நீர் வெளிவருதல்

வினாக்கள்
1. நடுப்பலகையின் பயன் யாது?
2. கூட்டின் மேல்விளிம்பு உயரமாக இருப்பது ஏன்?
3. பழுதுபார்க்கும் முன் படகை உலர விடாவிட்டால் என்ன நேரும்?