மங்கிய கண்ணுக்கு ஒரு பக்கம்

கண்ணில் புரை விழுந்தவர்கள் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்று ஓர் அறிவிப்பு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அதை யார் படிக்க வேண்டும்? புரை விழுந்தவர்தான். ஆனால் அவரால்தான் அதைப் படிக்க முடியாது! பொது நலத் தொண்டு நிறுவனம் ஒன்று தன் இணையதளத்தைத் திருத்தி அமைக்கும்போது முதலில் சந்திக்க வேண்டிய முரண்பாடு இது. இதை அவிழ்க்க நீங்கள் வகுப்பில் படிக்கும் ஒளியியலும் கொஞ்சம் கணக்கும் போதும்.

நம் தாமிரபரணிக் கரைக்கு இது தொலைவான செய்தியன்று. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976ஆம் ஆண்டு மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1988இல் திருநெல்வேலியிலும் அது திறக்கப்பட்டது. ஊர் ஊராக இலவச முகாம்கள் நடந்தன. ஆயினும் தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஓர் ஆய்வு திடுக்கிட வைத்தது. கண் குறை உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேர் மட்டுமே முகாமுக்கு வந்திருந்தார்கள். மருத்துவமும் மருத்துவரும் ஊருக்கே வந்தபின்பும் மற்ற 93 பேர் ஏன் வரவில்லை? அச்சம், செலவு, குடும்பப் பொறுப்பு எனப் பல காரணங்கள். செய்தி வெளியிடுவது ஒன்று. அது போய்ச் சேருவது வேறொன்று.

எழுத்து எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

கண் மருத்துவரின் அறையில் தொங்கும் எழுத்துப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். 1862இல் ஸ்னெல்லன் என்ற டச்சு மருத்துவர் உருவாக்கியது அது. நல்ல பார்வை உள்ளவர் படிக்கக்கூடிய மிகச் சிறிய எழுத்து, கண்ணில் 5 கலை கோணத்தைத் தாங்கும் என்பது அதன் அடிப்படை. ஒரு பாகையில் 60 கலைகள் அல்லவா? ஆகவே 6 மீட்டர் தொலைவில் அந்த எழுத்தின் உயரம் சுமார் 8.7 மில்லிமீட்டர். இதைப் படிப்பவரின் பார்வை 6/6 எனப்படும். பார்வை 6/60 ஆகக் குறைந்தவருக்கு எழுத்து பத்து மடங்கு பெரியதாக வேண்டும்.

இப்போது செல்பேசிக்கு வருவோம். அதை 40 சென்டிமீட்டர் தொலைவில் பிடிக்கிறோம். 6/60 பார்வைக்கு அங்கே எழுத்தின் உயரம் குறைந்தது 5.8 மில்லிமீட்டர். இது எழுத்து ‘தெரிவதற்கான’ எல்லை மட்டுமே. சிரமமின்றிப் படிக்க அதைப் போல் இரு மடங்காவது, அதாவது சுமார் 12 மில்லிமீட்டர் தேவை. திரையின் அகலமோ ஏறக்குறைய 65 மில்லிமீட்டர்தான். அப்படியானால் ஒரு வரியில் ஐந்து எழுத்துகள். ‘கண்புரை’ என்ற ஒரு சொல்லோடு வரி நிறைந்துவிடும்!

ஆகவே நல்ல பக்கத்தில் எழுத்தைப் பெரிதாக்கும்போது வரிகள் தாமாகவே மடிந்து கீழே இறங்க வேண்டும். முகாம் அறிவிப்பை அழகான படமாக வரைந்து பக்கத்தில் ஒட்டிவிடுகிறார்களே, அதில் இது நடக்காது. படத்தைப் பெரிதாக்கினால் சொற்கள் திரைக்கு வெளியே ஓடிவிடும். எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருளுக்கும் படத்திலுள்ள எழுத்து எளிதில் எட்டாது.

மூடுபனிக்குள் ஓர் எழுத்து

கண்புரை என்பது கண்ணிலுள்ள வில்லை கலங்கிப்போவது. கலங்கிய வில்லை ஒளியைச் சிதறடிக்கிறது. அதனால் எழுத்து சிறியதாகத் தெரிவதில்லை; பனிமூட்டத்துக்குள் இருப்பதுபோல் வெளுத்துத் தெரிகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெள்ளைப் பின்னணியின் ஒளிர்வு 100 அலகு, கறுப்பு எழுத்தின் ஒளிர்வு 5 அலகு என்க. விகிதம் 20. சிதறிய ஒளி 30 அலகு எல்லா இடத்திலும் பரவுவதாகக் கொண்டால், பின்னணி 130, எழுத்து 35 ஆகிறது. விகிதம் 4க்கும் கீழே இறங்கிவிட்டது. அழகுக்காக 40 அலகு ஒளிர்வுள்ள சாம்பல் நிறத்தில் எழுதியிருந்தால்? நல்ல கண்ணுக்கே விகிதம் 2.5தான். புரை விழுந்த கண்ணுக்கு 130-க்கு 70. இரண்டு கூட இல்லை! எழுத்து பின்னணியில் கரைந்துவிடும். சாதாரண அளவு எழுத்துக்கு இந்த விகிதம் குறைந்தது 4.5 இருக்க வேண்டும் என்று இணையப் பக்கங்களுக்கான உலகத் தர வழிகாட்டி கூறுவதன் பொருள் இதுவே.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிதறும் ஒளி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் அந்த வெள்ளைப் பின்னணியிலிருந்துதான். எனவே பின்னணியைக் கறுப்பாக்கி எழுத்தை வெள்ளையாக்கினால் புரை உள்ளவர் பலருக்குப் படிப்பது எளிதாகிறது. இப்படி மாற்றிக்கொள்ள ஒரு பொத்தான் வைப்பது பெரிய செலவன்று.

பக்கத்துக்கும் எடை உண்டு

பொதிகை மலையடி ஊர்களில் சில இடங்களில் செல்பேசி அலை மெலிந்துவிடும். அங்கே நொடிக்கு 4,00,000 பிட் கிடைப்பதாகக் கொள்வோம். முகப்பிலுள்ள ஒரு புகைப்படம் 3 மெகாபைட் என்றால் அது 2,40,00,000 பிட். வந்து சேர ஒரு நிமிடம் ஆகும். யார் காத்திருப்பார்கள்? ஒருங்குறியில், வழக்கமான முறையில், ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் செலவாகிறது. ஆங்கில எழுத்துக்கு ஒன்றே போதும். இருந்தும் 5,000 குறியீடுகள் கொண்ட ஒரு தமிழ்ப் பக்கம் 15,000 பைட்தான், 0.3 நொடியில் வந்துவிடும். படம் 200 மடங்கு எடை! வேண்டிய செய்தியை எழுத்தில் முதலில் அனுப்பிவிட்டு, படத்தைச் சுருக்கிப் பின்னால் அனுப்புவதே முறை.

எதை எழுதுவது? எப்படி அறிவது?

எழுத்து தெரிந்துவிட்டால் போதுமா? அச்சத்தை நீக்கும் சொல் அதில் இருக்க வேண்டும். மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் நடந்து 1991இல் வெளியான மற்றோர் ஆய்வு, மக்களை அறுவைக்கு வரச்செய்ய எட்டு வகை வழிகளை ஒப்பிட்டது. வீடு வீடாகச் செல்வது, ஊர் முழுதும் அறிவிப்பது, செலவை ஓரளவு ஏற்பது, முழுதும் ஏற்பது என்றெல்லாம் பிரித்துப் பார்த்தார்கள். மிகுந்த பலன் தந்தது எது தெரியுமா? ஏற்கெனவே அறுவை செய்துகொண்ட ஒருவரே வீட்டுக்கு வந்து பேசியதுதான். எனவே இணையதளத்தின் முகப்பில் நிறுவனத்தின் பெருமை நிற்பதைவிட, சேரன்மகாதேவிப் பக்கத்து விவசாயியோ, முக்கூடலில் பீடி சுற்றும் அம்மையாரோ தம் பேச்சிலேயே ‘வலித்ததா, எத்தனை நாளில் வேலைக்குத் திரும்பினேன், துணைக்கு யார் வந்தார்’ என்று சொல்வது நல்லது. எங்கே, எந்த நாள், என்ன செலவு என்பவை அதையடுத்து வரட்டும்.

பழைய பக்கம், புதிய பக்கம் இரண்டில் எது மேல் என்பதையும் ஊகிக்க வேண்டியதில்லை. வருபவர்களைக் குலுக்கல்போல் இரண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு பக்கம் காட்டலாம். ஆயிரம் பேரில் பழைய பக்கம் பார்த்து 40 பேரும், புதியது பார்த்து 44 பேரும் முகாமுக்குப் பதிந்தார்கள் என்க. புதியதே சிறந்ததா? அவசரப்படக் கூடாது. 40இன் வர்க்கமூலம் சுமார் 6. தற்செயலாகவே எண்ணிக்கை அந்த அளவு ஏறி இறங்கலாம். 40 பேர் 80 ஆனால் துணிந்து சொல்லலாம். எத்தனை பேர் பக்கத்தைப் பார்த்தார்கள் என்பதை மட்டும் எண்ணி மகிழவும் கூடாது. மருத்துவமனைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதே சரியான அளவு.

செய்து பாருங்கள்

வெள்ளைத் தாளில் எண்ணெய் தடவி, துடைத்துவிட்டுக் கண்ணுக்கு முன்னே பிடியுங்கள். தாள் மிகக் கனமாக இருந்தால் மெல்லிய பாலிதீன் உறை கொள்ளலாம். அதன் வழியே, செல்பேசியில் ஏதேனும் ஒரு நலவாழ்வு நிறுவனத்தின் பக்கத்தைப் படிக்க முயலுங்கள். பிறகு எழுத்தைப் பெரிதாக்கியும், பின்னணியைக் கறுப்பாக்கியும் பாருங்கள். எந்தச் சொற்கள் முதலில் மறைந்தன, எவை கடைசிவரை நின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். சூரியனையோ கூசும் விளக்கையோ இவ்வாறு பார்க்க வேண்டாம்.

அடுத்து அதே பக்கத்தை வீட்டிலுள்ள தாத்தா அல்லது ஆச்சியிடம் கொடுத்து, அடுத்த முகாம் எங்கே என்று கேளுங்கள். நீங்கள் உதவாமல் அவர் கண்டுபிடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். அவரால் முடியாவிட்டால் பக்கத்தில்தான் குறை, அவரிடம் இல்லை. ஆனால் அவர் கண்ணை ஒரு முறை மருத்துவரிடம் காட்டுவதற்கு, பக்கம் திருந்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.